அஸர் நேரத்துப் பச்சை

தொண்டியில் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் குடியிருந்த மஜீதாவுக்கு இருபத்தொன்பதாவது வயதில் காது போனது. மூளைக்காய்ச்சல். மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்து வந்தாள். கேட்கும் சக்தி மட்டும் திரும்பவில்லை. பேச்சு இருந்தது, படித்த பி.காம். இருந்தது. சவுதியில் தம்மாமில் வேலை பார்த்த கணவன் அப்துல் ஹமீது ஒரு விடுமுறையில் வந்தபோது கணினி வாங்கிக் கொடுத்தான். சதக்கத்துல்லா காக்காவின் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, பெயர்சூட்டு விழா அழைப்பு, மதரஸா ஆண்டுமலர் என்று வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுத்தாள். ஏழு வருடத்தில் ஊரில் அவளைவிட வேகமாகத் தமிழ் அடிக்கிறவர்கள் இல்லை என்று பெயர் வாங்கிவிட்டாள்.

கணினி முன் உட்கார்ந்துவிட்டால் நேரம் போவது தெரியாது. அதுதான் சிக்கல். மற்றவர்களுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்கும், எழுந்து போவார்கள். மஜீதாவுக்கு யாராவது வந்து தோளைத் தொட வேண்டும். அந்த யாராவது எப்போதும் நாத்தனார் குல்சும்தான். கணவனை இழந்து தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள், சமையல்கட்டு முழுக்க அவள் பொறுப்பு. பொரிக்கிற மீனை அப்படியே போட்டுவிட்டு வந்து தோளைத் தட்டி, பிற்பகல் தொழுகைக்கு "அஸரு" என்று உதட்டை அசைப்பாள்.

இரண்டாயிரத்து எட்டு, நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ஒருநாள் குல்சும் வரவில்லை. மஜீதா திரும்பிப் பார்த்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. அஸர் போய் அந்தித் தொழுகையான மக்ரிபே நெருங்கிவிட்டது. ஓடிப்போய்க் கேட்டாள்.

"மச்சி, ஏன் என்னையக் கூப்பிடல?"

குல்சும் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். முகத்தில் வியர்வை. அவள் சொன்னதை உதட்டைப் பார்த்தே மஜீதா படித்துக்கொண்டாள்.

"நான் என்ன ஒனக்கு மோதினாரா? நெதம் அஞ்சு வேள வந்து பாங்கு சொல்றதுக்கு?"

சொன்ன உடனேயே குல்சும் வருத்தப்பட்டது தெரிந்தது. ஆனாலும் அந்த வார்த்தை மஜீதாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தனக்கென ஒரு செல்போன் இருந்தால் அதிர்வில் வைத்துக்கொள்ளலாம். அதை அவள் முன்பே கேட்டாயிற்று. காது கேட்காதவளுக்குப் போன் எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள்.

அந்த வாரம் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது அங்கே ஒரு கணினியின் திரையில் வழக்கமான புல்வெளிப் படம் இல்லாததைப் பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கடிகாரம் ஓடியது. அதன் கீழே கிழமை, மழை நிலவரம். சென்டர் நடத்தும் ராமலெட்சுமி கல்லாவுக்குப் பின்னால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதெப்படி வந்துச்சு?" என்று மஜீதா கேட்டாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ராமலெட்சுமி ஒரு வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்: "நெட்டுல சும்மாவே கெடைக்குதுக்கா. திரைய நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். எனக்கு முழுசாத் தெரியாது. நான் சும்மா அழகுக்குப் போட்டேன்."

"நேரமாச்சுன்னா கலர் மாறுமா?"

ராமலெட்சுமி தோளைக் குலுக்கினாள். பிறகு எழுதினாள்: "மாத்தலாம்னுதான் போட்டுருக்கு."

பென்டிரைவில் அந்த மென்பொருளை ஏற்றிக்கொண்டு மஜீதா வீட்டுக்கு வந்தாள். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஒன்றரை மாதம் ஆனது.

கடிகாரம் முதல் நாளே வந்துவிட்டது. அதைத் திரையின் நடுவுக்கு நகர்த்தவே இரண்டு நாள். சுட்டியால் இழுத்தால் வரும். கணினியை அணைத்துப் போட்டால் பழைய மூலைக்கே போய்விடும். அதன் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக நாற்பது வரி. எந்த எண் இடத்தைக் குறிக்கிறது, எது நிறத்தைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் கடிகாரம் திரைக்கு வெளியே போய் ஒளிந்துகொண்டது. இன்னொன்றை மாற்றினால் எழுத்து கொசு அளவுக்குச் சுருங்கியது.

வீட்டில் இணையம் கிடையாது. சந்தேகம் வந்தால் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் சென்டருக்குப் போக வேண்டும். ஐப்பசி மழையில் சந்து முழுக்கத் தண்ணீர். புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்டாள். எந்த நாட்டுக்காரனோ ஒருவன் பதில் போட்டிருந்தான்: கையேட்டைப் படித்துவிட்டு வா. கையேட்டை அச்சடித்தால் அறுபத்திரண்டு பக்கம். அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி அவளுக்குத் தேவையில்லாதது.

'அஸர்' என்று தமிழில் அடித்துப் பார்த்தாள். திரையில் வெறும் கேள்விக்குறிகள் வந்தன. ஊருக்கே தமிழ் அடித்துக் கொடுக்கிறவளின் திரையில் தமிழ் வரவில்லை. அவளுக்கு அழுகையே வந்தது. எழுத்துருவை மாற்றினாள், கட்டங்கள் வந்தன. மறுபடி மாற்றினாள், கேள்விக்குறி. ஆறாவது நாள்தான் தெரிந்தது, கோப்பைச் சேமிக்கும்போது கீழே ஒரு சின்னப் பெட்டியில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஆறு நாளும் அந்தப் பெட்டி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நிறம் மாறுவது இன்னும் மோசம். எழுதியதெல்லாம் சரியாக இருந்தும் திரை மாறவில்லை. அதே பத்து வரியை ஒன்பது நாள் பார்த்தாள். கடைசியில் ராமலெட்சுமிதான், மஜீதா அச்சடித்துக் கொண்டுபோன தாளில் ஓரிடத்தைப் பேனாவால் வட்டமிட்டாள். கால்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி.

"இதுக்கா? இந்த ஒரு புள்ளிக்கா?" என்று மஜீதா கத்தினாள். சென்டரில் இருந்தவர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து புள்ளியைத் திருத்திய கையோடு, திரையைச் சுத்தமாக வைக்கலாமே என்று வேறு எதையோ அழுத்தினாள். மேசைத்திரையில் இருந்த ஐகான்கள் மொத்தமும் மறைந்தன. அதில் வாவு முகம்மது வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது. நான்கு நாள் வேலை. மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டியது.

மஜீதா கணினியை அணைத்துப் போட்டாள். இல்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையும் கடிகாரமும் மட்டும் இருந்தன.

காலையில் சதக்கத்துல்லா காக்கா வாசலில் வந்து நின்றார். குல்சும் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"காக்கா, பத்திரிக அழிஞ்சு போச்சு," என்றாள் மஜீதா.

அவர் ஏதோ பேசினார். வேகமாகப் பேசினார், தாடி மறைத்ததால் உதடு பிடிபடவில்லை. குல்சும் அதைச் சுருக்கிக் காட்டினாள்: "நாலு நாளா என்னத்தப் புடுங்குனேன்னு கேக்குறாரு." பிறகு தன் பங்குக்கும் சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன், இந்தக் கலரு வேலையெல்லாம் நமக்கு எதுக்குன்னு. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு, கூப்பிட்டா வரமாட்டேனா நான்?"

"ஒருநா வரலையே மச்சி," என்றாள் மஜீதா.

ராமலெட்சுமியைக் கூட்டிவந்தார்கள். அவள் நின்றபடியே சுட்டியை எடுத்து, வெறும் திரையில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ஒரு வரியில் டிக் போட்டாள். அத்தனை ஐகான்களும் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தன. பத்திரிகை எங்கேயும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். சதக்கத்துல்லா காக்கா பென்டிரைவில் வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு விரைந்தார்.

மூன்று நாள் அவள் அந்த மென்பொருளைத் தொடவில்லை. அந்த மூன்று நாளும் குல்சும் ஒரு பாங்கு தவறாமல் வந்து தோளைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டலிலும் உபகாரம் செய்கிற கனம் இருந்தது. நான்காம் நாள் காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, பள்ளிவாசல் காலண்டரை விரித்து, அன்றைய தொழுகை நேரங்களை நோட்பேடில் அடித்தாள் மஜீதா.

பிற்பகல் மூன்றேகால். மதரஸா மலருக்காக ஒரு ஹாஜியாரின் வாழ்த்துரையை அடித்துக்கொண்டிருந்தாள். வேலைப் பக்கத்தைச் சுற்றி மீதமிருந்த கறுப்பு முழுக்கச் சட்டென்று பச்சையானது. அந்தப் பச்சையில் பெரிய எழுத்தில் 'அஸர்'. கேள்விக்குறி இல்லை, கட்டம் இல்லை. மஜீதா எழுந்து போய் முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்தாள். குல்சும் தட்ட வந்தபோது அவள் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கியிருந்தாள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பச்சையைப் பார்த்துத் தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், குல்சும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னும் பாங்கே சொல்லலடி. என்ன தொழுக இது?"

திரைக் கடிகாரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் நாற்பது நிமிடம் வித்தியாசம். அந்த நாட்களில் மின்வெட்டு தினமும் இருந்தது. கணினிக்குள் இருந்த பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்ததால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தன்பாட்டுக்கு எங்கிருந்தோ ஆரம்பித்தது. அன்று காலை மின்சாரம் வந்ததும் மஜீதா குத்துமதிப்பாகத் திருத்தி வைத்திருந்தாள். ஒன்றரை மாத உழைப்பும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியிடம் தோற்றது. அவள் சுட்டியை மேசையில் ஓங்கி வைத்தாள். அதன் மூடி தெறித்து விழுந்தது.

ராமலெட்சுமி ராமநாதபுரத்துக்குப் போனபோது பேட்டரி வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தாள். நேரம் நின்றது. மின்வெட்டு நிற்கவில்லை. இந்த மாதம் காலையில் மின்சாரம் போனால் அடுத்த மாதம் மூன்று மணிக்குப் போனது, சரியாக அஸர் நேரத்துக்கு. ஒருநாள் அப்படிப் போனபோது மஜீதா சன்னலோரம் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் தட்டவில்லை. அஸர் தவறியது.

"ஒன் கம்ப்யூட்டரு சொல்லியிருக்கும்னு நெனச்சேன்," என்றாள் குல்சும்.

"கரண்டே இல்லையே மச்சி, அது எப்புடிச் சொல்லும்?"

குல்சும் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தாள். அது நின்றிருந்தது. அவளுக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மஜீதாவின் முகத்துக்கு நேராக, புரியும்படி நிதானமாகச் சொன்னாள்:

"ஃபேனு நின்னா நான் வாரேன். ஃபேனு ஓடுனா நீயே பாத்துக்க. சரியா?"

மஜீதாவுக்கு எரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை. ஐந்து வேளையும் தானே எழ வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். கிடைத்தது மின்சாரம் இருக்கிற வேளைகள் மட்டும். ஆனாலும் சரி என்றாள்.

மறுநாள் மின்சாரம் இருந்தது. திரை பச்சையானபோது குல்சும் சமையல்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மஜீதா அவளைக் கடந்து ஒளு செய்யப் போனாள். குல்சும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.