முதல் பந்தி

அன்னூரில் என் அண்ணன் மகளின் கல்யாணம். சமையல்கட்டு என் பொறுப்பு. மத்தியானம் முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு அம்மா இரண்டு பெரிய தூக்குப்போசிகளோடு வந்து நின்றார். மூடியைத் திறந்து, உள்ளே சுத்தமாகக் கழுவியிருப்பதை எனக்குக் காட்டினார். சோறு வாங்க எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் செய்வாராம், சமையல்காரர் சொன்னார்.

“பந்தியெல்லாம் முடியட்டுங்க அக்கா. மீந்ததைத் தந்துபோடறோம்” என்றேன்.

“மீந்தது வேண்டாமுங்க. இப்பவே கொடுங்க.”

“விருந்தாளிங்களே இன்னும் உக்காரலீங்க.”

“மில்லு மூடுனதுல இருந்து எங்க வீதியில பாதி ஊட்டுல அடுப்பு எரியறதில்லீங்க. அவங்களுக்கும் மத்தியானம்தான் பசிக்குது. நாலு மணிக்கு ஊசிப்போன சோத்தைக் கொடுத்தா உங்க அண்டா காலியாகும். அவ்வளவுதானுங்க.”

குரலை அவர் உயர்த்தவே இல்லை. இடத்தை விட்டு நகரவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இரண்டு போசியையும் நிரப்பச் சொன்னேன்.

சோறும் சாம்பாருமாக வாங்கிக்கொண்டார். நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“ஏனுங்க, கல்யாணச் சாப்பாடுதானுங்களே. பாயசம் எங்கீங்க?”

ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை, பாயசத்துக்குப் பாத்திரம் தேடி நான்தான் ஓடினேன்.