மினி லாரியில் நடுவில் ஏறியவர்

அதிகம் செலவில்லாமல் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோழியும் நானும் கோவில்பட்டியிலிருந்து லிஃப்ட் கேட்டுக் கிளம்பினோம். எப்போதும்வென்றான் கிராமத்தில் ஒரு மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் போனை எடுத்து, “ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு, கூட்டிட்டு வாரேன்” என்றார்.

வண்டி தார் ரோட்டை விட்டுக் கரிசல் காட்டுப் பாதையில் திரும்பியது.

“எங்க போறீய அண்ணாச்சி?” என்றேன்.

“வீட்டுக்குத்தான்.”

தோழி கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஒரு வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் மனைவி வந்து, எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்தார்.

“தனி ஆம்பளகூட வரப் பயப்படுவியள்ளா, அதான் இவளையும் கூப்பிட்டேன்” என்றார் அண்ணாச்சி.

எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த அக்காதான் கடல் வரைக்கும் ரோட்டையே பார்க்கவில்லை. எங்களையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.