ரோட்டை விட்டு நகராத அம்பு

போன வருடம் நானும் என் கணவரும் செர்டாங் பக்கத்துக் குன்றில் அருவி தேடிப் போனோம். காரில் இருந்த ஜிபிஎஸ் கருவியில் மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை ஏற்றியிருந்தார் அவர். எஸ்டேட் மண்ரோட்டில் காரை நிறுத்தி, கருவியைக் கழற்றிக்கொண்டு, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்குள் நடந்தோம்.

அரை மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்த எனக்கு ஒரே ஆச்சரியம்.

"ஏங்க, நாம இன்னும் மண்ரோட்டுலயே நிக்கிறதா காட்டுதே! இங்க ரோடு எங்க இருக்கு?"

"சிக்னல் கொஞ்சம் ஸ்லோ லா. மேப்புல முன்னால சமதரைதான், வா" என்று ஓரடி வைத்தார். புதரோடு மண் சரிந்தது. இடுப்புவரை இறங்கிவிட்டவரை முதுகுப்பையைப் பிடித்து இழுத்தேன். எட்டிப் பார்த்தால், கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். வந்த வழியே திரும்பினோம்.

வீட்டில் கருவியைக் குடைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கார் ஓட்டுவதற்கான கருவி என்பதால், நாம் எங்கே நின்றாலும் நம் இடத்தைக் காட்டும் அம்பைப் பக்கத்து ரோட்டில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அவர் பார்த்த சமதரை அந்த ரோட்டுக்கு முன்னால் இருந்தது, எங்களுக்கு முன்னால் அல்ல. செட்டிங்கில் அதை அணைக்கலாம்.

இப்போது காரை விட்டு இறங்கியதும் அதை அணைத்துவிடுகிறேன். கொஞ்ச தூரம் நடந்து, அம்பும் கூடவே நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போகிறோம். கருவியையும் நான்தான் வைத்துக்கொள்கிறேன். அவர் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.