மொட்டைமாடியில் விமானம் பிடிக்கப் போனேன்

விமானங்களைப் படம் பிடிப்பதென்றால் எனக்குப் பைத்தியம். கடற்கரை சாகச நிகழ்ச்சிக்கு ஒத்திகை போகும் விமானங்கள் எங்கள் வேப்பம்பட்டு வீட்டுக்கு மேலேதான் பறக்கும். அன்றும் மொட்டைமாடியில் கேமராவில் கண்ணை வைத்து நின்றேன். தலைக்கு மேல் வந்த விமானத்தை விடாமல் பிடிக்க, அடியடியாகப் பின்னால் நகர்ந்தேன். அந்த இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. சில்லென்று ஈரச் சேலை முதுகில் ஒட்டவே திரும்பினேன். கொடியில் தொங்கிய அந்தச் சேலைக்கு அப்பால் தரையே இல்லை! கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத மாடி அது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி செல்வி ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இன்னாய்யா, றெக்க மொளச்சிக்கிச்சா உனக்கு? எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறேன்!”

இப்போதெல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கேமராவைத் தூக்குகிறேன். அப்போதும் செல்வி என் காலரை விடுவதில்லை.