ஏழாம் எண் கழிப்பறையும் வெண்டல் ஓஷிரோவும்

வெண்டல் ஓஷிரோவுக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. திக்குவாய் கிடையாது, காது மந்தம் கிடையாது. எதிரே ஒரு முகம் வந்து நின்றுவிட்டால் போதும், சொல்ல வந்ததெல்லாம் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். முகம் இல்லாத இடத்தில் பேசச் சொன்னால் வெளுத்து வாங்குவார். கோழிகளிடம் மணிக்கணக்கில் பேசுவார்.

இளவயதில் பத்து வருஷம் கீழே, ஹவாய்த் தீவின் கடற்கரை ஊரான கைலுவாவில், ஒரு டயர் கடையில் வேலை பார்த்தார். அது அவருக்கு வாகாக இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்தபடியே பதில் சொல்லிவிடலாம். அங்கிருந்து பார்த்தால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் முழங்கால் வரைதான். அப்பா போன பிறகு அக்கா ஷார்லீன் ஃபோன் போட்டு, "போதும்டா டயர் மாட்டினது. விடுதியைப் பாக்க ஆள் வேணும், காபிக்கு ஆள் வேணும், கிளம்பி வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வெண்டல் மலையேறி, பிறந்த ஊரான கஹலோவாவுக்கே திரும்பி வந்தார்.

விடுதி என்றால் எட்டு அறை, மரக்கட்டடம், வெளிறிய பச்சைப் பெயின்ட். பின்னால் மூன்று ஏக்கர் காபி. முன்பக்கம் மேஜை போட்டு ஷார்லீன் உட்கார்ந்திருப்பாள். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், மிச்சமும் இருக்கும்.

அந்த வீட்டின் பின்புறம்தான் சங்கதி. அங்கே சரிவு சட்டென்று இறங்குகிறது. அப்பா ஓஷிரோ என்ன நினைத்தாரோ, நாற்பதடி நீளத்துக்குப் பலகைப் பாதை போட்டு, அதன் நுனியில் நாலு கம்பத்தின் மேல் ஒரு கழிப்பறையைக் கட்டியிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்தால் எதிரே சுவர் இடுப்பளவுதான். அதற்கு மேல் திறந்த வெளி. காலடியில் காபிச் செடிகள், அதற்குக் கீழே கறுத்த எரிமலைப் பாறை, அதற்கும் கீழே தீவின் தெற்கு முனை வரைக்கும் கடல். குளிர்காலத்தில் திமிங்கிலம் தண்ணீர் பீய்ச்சுவதுகூடத் தெரியும். ஓஷிரோ குடும்பத்துக்கு அதெல்லாம் பழகிப்போனது. காலையில் போவார்கள், வருவார்கள்.

வினை கிளிஃப்டன் மெதேரோஸ் ரூபத்தில் வந்தது. அவர் ஊர்ச் சுற்றுலா வளர்ச்சிக் கமிட்டியின் தலைவர். கமிட்டியில் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவர் ஹொனலூலுவுக்குக் குடிபோய் ஆறு வருஷம் ஆகிறது. எல்லோரும் கடற்கரைக்கே போய்விடுகிறார்கள், நம் ஊருக்கு ஒருத்தரும் ஏறி வருவதில்லை என்று கிளிஃப்டன் ஒரு வரைபடம் அச்சடித்தார். அதில் பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு. முதலாம் எண் அவருடைய சொந்தக் காபி மில் காட்சியகம்: சுற்றாத ஒரு இயந்திரமும், ஒற்றைக் காதுள்ள ஒரு சிமென்ட் கழுதையும். நாலாம் எண், தபாலாபீஸ் கூரைமேல் சாய்ந்து விழுந்தும் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் அவகாடோ மரம். ஆறு எண்கள்தான் தேறின. தாளில் கொஞ்சம் இடம் மீந்தது. ஷார்லீனை வம்புக்கு இழுக்கும் ஆசையும் இருந்தது. ஏழாம் எண்ணாக ஓஷிரோ வீட்டுக் கழிப்பறையைப் போட்டுவிட்டார்.

"எங்க விடுதியைப் போடல, கக்கூஸைப் போட்டிருக்கே!" என்று ஷார்லீன் அவர் வீட்டு வாசலிலேயே போய்க் கத்தினாள்.

"இடம் அவ்வளவுதான் இருந்துச்சு, ஷார்லீன். சந்தோஷப்படு" என்றார் கிளிஃப்டன்.

மூன்றே மாதத்தில் அவர் சந்தோஷம் போயிற்று. வந்தவர்கள் நேராக ஏழாம் எண்ணுக்குத்தான் வந்தார்கள். இணையத்தில் ஒருவர் எழுதினார்: "காபி பரவாயில்லை. கழிப்பறை அற்புதம். ஐந்து நட்சத்திரம்." கனடாவிலிருந்து வந்த தம்பதி தேனிலவின்போது இரண்டு தடவை வந்தார்கள். கிளிஃப்டனின் காட்சியகப் பதிவேட்டில் அந்த மாதம் ஒன்பது பெயர், அதில் நாலு அவர் குடும்பத்தார்.

ஷார்லீனுக்கு வேறு தலைவலி. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. கடலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே வரிசை நீளும். கதவைத் தட்டும் வேலையை அவள் தம்பி தலையில் கட்டினாள்.

வெண்டலுக்குத் தட்டத் துணிவு வரவில்லை. தட்டினால் திறப்பார்கள், திறந்தால் முகம் வரும். அவர் பலகைப் பாதையில் நின்று இருமிப் பார்த்தார். ஒசாகாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் அவருக்கு இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு ஜெர்மன்காரர் மருந்து பாட்டிலே கொடுத்தார். உருப்படியாக உதவி செய்தது மேகம்தான். ஊர் இருக்கிற இந்தக் கோனா மலைச்சரிவில் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் மேகம் இறங்கிக் கடலை மூடிவிடும். பார்க்க ஒன்றும் இருக்காது. உள்ளே இருப்பவர் தானாக எழுந்து வந்துவிடுவார்.

இப்படியே போயிருக்கும். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு லெனோர் ஹால்வர்சன் உள்ளே போனாள். அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாவைச் சேர்ந்தவள், ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். தனியாக வந்திருந்தாள். வெண்டல் அவளைப் பார்க்கவே இல்லை. செடியிலிருந்து கூடையோடு அவர் மேலே வந்தபோது கதவு மூடியிருந்தது.

அரைமணி ஆயிற்று. வெண்டல் இருமினார்.

"யாரது வெளியே?" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"நா… நான் வெண்டல். இந்த இடத்தைப் பாத்துக்கிறவன். காட்சி நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்தக் கதவு வந்து…"

வெண்டலுக்கு முகம் மலர்ந்தது. கதவைப் பற்றி இதுவரை யாரும் விசாரித்ததில்லை. "ஆமாங்க, கோவா மரம்! எங்க தீவுகள்ல மட்டும் வளர்றது. எங்க அப்பா தன் கையால செஞ்சது. அவர் தச்சரு இல்ல, ஆனா செய்யணும்னு புடிவாதம். மூணு தடவை செஞ்சார். மொத ரெண்டு கதவும் சட்டத்துக்குள்ள நுழையல." தொடங்கியவர் நிறுத்தவில்லை. அப்பா முடிந்து அம்மாவுக்கு வந்தார்.

"சாரி, மிஸ்டர் வெண்டல், இந்தத் தாழ்ப்பாள்…" என்றது குரல்.

"தாழ்ப்பாளா! அத நான்தான் இன்னிக்குக் காலையில மாட்டினேன்! பித்தளைங்க. எங்க அக்கா இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. கவனிச்சுச் சொன்ன மொத ஆள் நீங்கதான்!"

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. ரசித்துவிட்ட பெருமூச்சு என்று வெண்டல் எடுத்துக்கொண்டார். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு அவர் பேசியதைப்போல ஜென்மத்தில் பேசினதில்லை. டயர் கடையைச் சொன்னார். ஒரு பெண்ணிடம் கல்யாணத்துக்குக் கேட்கப் போய், எட்டு வாரம் தொடர்ந்து அவள் கடையில் முட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதைச் சொன்னார். உள்ளே இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எட்டு வாரம் முட்டையா! அத்தனையும் என்ன பண்ணீங்க?"

"தின்னேங்க. அக்காவும் தின்னா. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் முட்டைன்னாலே ஆகாது."

அவளும் தன் கதை சொன்னாள். பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகள் கத்த, திரும்பிப் பார்க்காமலே யார் யார் என்று குரலை வைத்துச் சொல்லிவிடுவாளாம். நேரம் போனதே தெரியவில்லை. வெண்டலுக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றதும் தெரியவில்லை.

எட்டாவது ஆளாகக் கிளிஃப்டன் வந்தார். ஏழாம் எண்ணுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கையோடு எண்ணி, ஊருக்கு இது அவமானம் என்று அடுத்த வரைபடத்திலிருந்து நீக்கிவிடும் உத்தேசம். காலையிலிருந்து சொந்த மில் காபியைச் சுவை பார்க்கிறேன் என்று ஆறு கோப்பை குடித்துவிட்டு வந்திருந்தார். வரிசையை எண்ணி முடிக்கும் முன்பே அவரும் வரிசையில் நிற்கும்படி ஆயிற்று. கால் மாற்றி மாற்றி நின்றார். பிறகு வீட்டுக்குள் ஓடினார்.

"ஷார்லீன், உள்ள இருக்கிற பாத்ரூம்… ஒரே நிமிஷம்…"

"அது ரூம் எடுத்தவங்களுக்கு" என்றாள் ஷார்லீன், தலை நிமிராமல். "உனக்குத்தான் ஏழாம் நம்பர் இருக்கே. நீயே போட்ட நம்பர்."

கிளிஃப்டன் இடுக்கிக்கொண்டே வரிசைக்குத் திரும்பினார்.

இரண்டு மணிக்கு மேகம் இறங்கியது. கடல் போயிற்று, பாறை போயிற்று, காபிச் செடியும் பாதி போயிற்று. கதவு திறக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலையே, இன்னும் என்னத்தப் பாக்குறாங்க?" என்றார் வரிசையில் நின்ற ஓரெகன்காரர்.

"டேய் வெண்டல்!" என்று அலறினார் கிளிஃப்டன். "முட்டைக் கதையை நிறுத்திட்டுக் கதவைத் தட்டுடா!"

சத்தம் கேட்டு ஷார்லீன் வந்தாள். வரிசையைத் தள்ளிக்கொண்டு போய், உள்ளங்கையால் கதவில் நாலு போடு போட்டாள். "அம்மா! உள்ள உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"வெளிய வர்ற எண்ணம் இருக்கா?"

"பத்தே முக்கால்லேருந்து இருக்கு. தாழ்ப்பாள் திறக்க மாட்டேங்குது."

ஷார்லீன் தம்பியைப் பார்த்தாள். வெண்டல் கூடையைப் பார்த்தார்.

"ஏங்க, அப்பவே சொல்லக் கூடாதா?" என்று ஷார்லீன் கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"சொல்ல ஆரம்பிச்சேன். அவர் அப்பா கதைக்குப் போயிட்டார். அப்புறம் அம்மா காலமானதைச் சொன்னார். நடுவுல எப்படிங்க நிறுத்துறது? அப்புறம் முட்டை வந்துச்சு. அது எப்படி முடியுதுன்னு எனக்கே கேக்கணும்போல இருந்துச்சு."

"தலைகீழா மாட்டியிருக்கான்" என்றாள் ஷார்லீன், கதவுக்கு வெளியே துருத்திய தாழ்ப்பாள் திருகாணி முனைகளைத் தடவிப் பார்த்து. "பித்தளைன்னு பெருமை வேற!"

கீல்கள் வெளிப்பக்கம் இருந்தன. வெண்டல் திருப்புளியோடு ஓடி வந்தார். மூன்று கீல், பன்னிரண்டு திருகாணி, எல்லாம் அப்பா காலத்துத் துரு. ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கிளிஃப்டன் பக்கத்தில் நின்று, "இன்னும் அஞ்சு… இன்னும் நாலு… கடவுளே, இன்னும் மூணு" என்று எண்ணினார். அன்றைக்கு அவர் எண்ண வந்தது இதுதான் என்று ஆயிற்று.

கதவு கையோடு வந்தது. லெனோர் ஹால்வர்சன் வெளியே காலெடுத்து வைத்தாள். அவள் இரண்டாவது கால் வைக்கும் முன்பே கிளிஃப்டன் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டார். பாய்ந்த பிறகுதான் கதவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

"கதவு! டேய், கதவைப் பிடி!"

வெண்டல் கதவை நிமிர்த்தி வாசலுக்கு முன்னால் அணை கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே லெனோர். பழுப்புக் கண், மூக்கில் சூரியன் சுட்ட தோல், வாய் நிறையச் சிரிப்பு.

"நீங்கதான் வெண்டலா?"

வெண்டல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"மூணு மணி நேரமா நிறுத்தாம பேசினீங்க. இப்ப என்ன ஆச்சு?"

வெண்டலுக்குக் காது இரண்டும் சிவந்தன. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, இப்போது விட்டால் ஒன்பதாவது வாரமும் முட்டைதான் என்று அவருக்குத் தெரிந்தது. மெதுவாகக் கதவைப் பக்கவாட்டில் நகர்த்தி, தனக்கும் அவளுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டார்.

"சாயந்தரம் எங்க வீட்டுல சாப்பிட வர்றீங்களா?" என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து, தெள்ளத் தெளிவாக. "முட்டை இருக்காது."

"டேய்! கதவு! கதவுடா!" என்று பின்னாலிருந்து கிளிஃப்டன் ஊளையிட்டார்.

ஓரெகன்காரர் படமெடுத்துவிட்டார். நல்ல வேளையாக மேகம் கால்வாசி மறைத்தது, ஷார்லீனின் தோள் பாதி மறைத்தது. முழுசாகத் தெரிந்தது கிளிஃப்டனின் முழங்கால்கள் இரண்டும்தான். அந்தப் படம் உலகத்தையே சுற்றியது. கிளிஃப்டன் ஒரு வாரம் வீட்டைவிட்டு வரவில்லை. எட்டாம் நாள் பார்த்தால் மில் காட்சியக வாசலில் பதினாறு பேர் நிற்கிறார்கள், முழங்கால்காரரைப் பார்க்க. அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்து இயந்திரத்தை விளக்கினார். இப்போது கழுதைக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்ள விடுகிறார்.

லெனோர் அன்று சாயந்தரம் சாப்பிட வந்தாள். விடுமுறை முடிந்து ஊர் போனவள் மறு பருவத்தில் பழம் பறிக்க வந்தாள். ஒரே செடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் வெண்டலுமாக, இலைக்கு நடுவே பேசிக்கொண்டே பறித்தார்கள். பறித்தது குறைவு, பச்சைக்காயும் நிறையக் கலந்தது. ஷார்லீன் கூடையை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் கல்யாணம்.

போன ஜனவரியில் லெனோர் அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு உறவுக்காரர்கள் நாற்பது பேர். அத்தனை முகத்துக்கு நடுவில் தம்பி என்ன பாடுபடுகிறானோ என்று ஷார்லீனுக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. நாலாம் நாள் ஃபோன் செய்தாள்.

"எப்படிடா இருக்கே? குளிர் ரொம்பவா?"

"குளிரா? ஆமாக்கா, அது இருக்கு" என்றார் வெண்டல், மூச்சு வாங்க. "ஆனா இங்க எல்லாரும் மூக்கு வரைக்கும் துணியைச் சுத்திக்கிறாங்கக்கா. கண்ணுல கறுப்புக் கண்ணாடி. மூஞ்சியே கிடையாது! காலையிலேருந்து பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். பதினோரு பேர்கிட்ட பேசிட்டேன். பன்னண்டாவது ஆள் வர்றார், வச்சிடறேன்."