சிக்னலில் அணைந்துபோன சிவப்பு வண்டி

அந்த வண்டியை நான் வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருந்தேன். கோளாறு என்னவென்று முதல் நாளே எனக்குத் தெரியும்!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் பட்டறைக்கு வண்டி கொண்டுவரப் போவதில்லை என்ற தைரியம்தான்.

மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது என் பட்டறை. சாந்தோமில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் ஒரு நாள் காலை அந்த வண்டியோடு வந்தார். இரண்டே இருக்கைகள் கொண்ட பழைய சிவப்பு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரை விட்டுவிட்டு, அதைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய காலத்தது. காலமாகிவிட்ட அவருடைய கணவர் ஆசை ஆசையாக வைத்திருந்தது.

"ஓடும்போது ஒண்ணும் இல்லண்ணா. சிக்னல்ல நிறுத்தினா குதிக்குது, அப்புறம் ஆஃப் ஆயிடுது. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்."

அண்ணா! என் இடம் எதுவென்று அந்த ஒரு சொல்லிலேயே காட்டிவிட்டார். பாவம், தெரியாமல்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும் வண்டிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரையல் போவோம். அன்றும் போனோம். நான் ஓட்டினேன். பட்டினப்பாக்கம் சிக்னலில் வண்டி அணைந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார் டீச்சர். கடற்காற்று வந்தது. கல்யாணப் பேச்சே என்னைத் தாண்டிப் போய்விட்ட வயது எனக்கு. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்?

அவர் போனதும் பானெட்டைத் திறந்தேன். எஞ்சினை ஓடவிட்டேன்; வேகம் ஏறி ஏறி இறங்கியது. அதன் பின்பக்கம், எளிதில் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தேன். எஞ்சின் அடங்கி ஒரே சீராக ஓடியது. விரலை எடுத்தேன்... மறுபடியும் தள்ளாட்டம்.

புதுக் குழாய் போட எவ்வளவு நேரமாகும்? ஒரு டீ ஆறும் நேரம். நான் போடவில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடில் ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். சிக்னலில் வண்டி சில நாள் பொய்யாக அணையாமல் நிற்கும், பிறகு பழைய கதைதான். டீச்சர் மறுபடி வருவார். மறுபடி டிரையல்!

அப்படியே மாதங்கள் ஓடின. ஒரு தடவை பிளக் என்றேன், ஒரு தடவை இன்ஜெக்டர் என்றேன். எல்லாவற்றையும் நம்பினார். கிறிஸ்துமஸுக்கு எனக்கென்று தனியாகக் கல்கல் பலகாரம் செய்து கொண்டுவந்தார். அடையாறு பாலம் வரை போய்த் திரும்புவோம். பேச்செல்லாம் அவருடைய கணவரைப் பற்றித்தான். இருந்தால் என்ன? பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசினாரே!

ஒரு நாள் குரல் இறங்கிச் சொன்னார்: "பொண்ணு வித்துடச் சொல்றாண்ணா. நடுரோட்டுல நின்னு அவமானப்படணுமான்னு கேக்கறா. அவர் ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான்... இந்தத் தடவையாவது சிக்னல்ல ஆஃப் ஆகாம நிக்குமா?"

"நிக்கும் டீச்சர்" என்றேன். அன்றும் ஸ்க்ரூவைத்தான் திருப்பினேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அன்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த முறை வந்தபோது வண்டி கைமாறுவதாக முடிவாகியிருந்தது. வாங்குபவரிடம் ஒப்படைக்கும் முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். அன்றுதான் குழாயை மாற்றினேன். கை என்னமோ தானாகவே செய்தது.

கடைசி டிரையலில் டீச்சரே ஓட்டினார். பட்டினப்பாக்கத்தில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. எஞ்சின் அணையவில்லை... துளி நடுக்கம் இல்லை. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் இருந்தப்ப இப்படித்தான் சத்தம் வரும்" என்றார். "போன வாரம் இப்படி நின்னிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேண்ணா. வார்த்தை குடுத்துட்டேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களைச் சொல்லி என்ன, நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க!"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "பரவால்ல டீச்சர், வண்டிய எடுங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இப்போது டீச்சர் பஸ்ஸில் போகிறார். மந்தைவெளி நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டால், ஜன்னல் வழியாக, "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கையசைக்கிறார். நானும் கையசைக்கிறேன்.