வலப்பக்கம் நகரும் படை

புராதன கிரேக்க வரலாற்றை நான் படிக்க எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் இடமிருந்த ஒரே வகுப்பு அதுதான். எடுத்த பிறகு விட மனம் வரவில்லை. கையளவு ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிக் கோயில், பக்கத்து ஊரோடு ஓயாத பிணக்கு. புலம்பெயர்ந்த நம்மவர்கள் ஊருக்கொரு சங்கம் வைத்திருக்கும் ஸ்காபரோவில் வளர்ந்த எனக்கு இதில் அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை.

முதல் பரீட்சைக்கு இருபது சொற்கள் தந்திருந்தார்கள். போலிஸ் என்றால் நகர அரசு. ஹொப்லைட் என்றால் சொந்தக் கவசத்தோடு போருக்குப் போகும் குடிமகன். ஹீலொட் என்றால் ஸ்பார்ட்டாக்காரருக்காக நிலத்தில் உழைத்த அடிமை. இவற்றை நான் எங்கள் வீட்டு முறைப்படி படித்தேன், அதாவது பாடமாக்கினேன். ஊரில் போரால் இடம்பெயர்ந்ததில் அப்பா எட்டாம் வகுப்போடும், அம்மா அதற்கும் முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. நான் ஒப்புவிக்க, அம்மா ஒரு கையால் கறியைக் கிளறியபடி மறு கை விரலால் ஆங்கில வரிகளைத் தொடர்ந்து வருவார்.

"கமாவை விட்டிட்டாய். திருப்பிச் சொல்லு."

அடுத்த வாரம் பேராசிரியை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். என் விடைத்தாளையும் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். நான் பார்த்து எழுதவில்லை என்று நிரூபிக்க, 'ஃபலாங்ஸ்' என்ற போர் அணிவகுப்பைப் பற்றிய முழுப் பந்தியையும் அங்கேயே நின்று ஒப்புவித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

கண்ணால் எடுத்தாலும் மனத்தால் எடுத்தாலும் இது புத்தகத்தின் விடை, உன்னுடையது அல்ல, இதற்கு என்னால் பூச்சியம்தான் போட முடியும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வியாழக்கிழமை வா, ஃபலாங்ஸை உன் சொந்தச் சொற்களில் எனக்கு விளங்கப்படுத்து, முடிந்தால் பரீட்சையைத் திரும்ப எழுத விடுகிறேன் என்றார். பூச்சியம் நின்றால் அந்தப் பாடத்தில் சித்தியடைய வழியே இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன்.

"பார்த்து எழுதினனியோ?" அப்பா கேட்டார்.

"இல்லையப்பா. பாடமாக்கினனான்."

"பாடமாக்கிறதும் குற்றமோ? நல்ல நாடு!"

"நான்தான் கமாவெல்லாம் பிடிச்சுக் குடுத்தனான்," என்று அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் தங்கச்சிதான் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, சீரியஸ்லி, அந்த லைன் ஏன் ரைட்டுக்குப் போகுது?"

சண்டைக்கு நகரும்போது அணி வலப்பக்கம் சரியும் என்ற வாக்கியத்தை நான் தூக்கத்திலும் சொல்வேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் வீட்டு முன் டிரைவ்வேயில் வரிசையாக நின்றோம். இடது கோடியில் நான், பிறகு தங்கச்சி, அம்மா, வலது கோடியில் அப்பா. இடது கையில் கேடயம், வலது கையில் ஈட்டி. தங்கச்சியிடம் பனியில் சறுக்கும் வட்டத் தட்டு, அம்மாவிடம் அரிசி புடைக்கும் சுளகு, எனக்கும் அப்பாவுக்கும் பெரிய பானை மூடிகள். ஈட்டிக்கு விளக்குமாறு, பனி அள்ளும் சவள், கிடைத்ததெல்லாம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் மட்டக்களப்பு அண்ணைதான் எதிரி. ஒரு வாளி டென்னிஸ் பந்துகளோடு எதிரே நின்றார்.

"அடிச்சா மறுகா வாடகையைக் கூட்டமாட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டு எறியத் தொடங்கினார்.

ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு முன்னேறினோம். என் மூடி என் இடப்பக்கத்தை மறைத்தது, ஆனால் வலப்பக்கம் திறந்து கிடந்தது. அதனால் நான் தங்கச்சியின் தட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் அம்மாவின் சுளகுக்குப் பின்னால். அம்மா அப்பாவின் மூடிக்குப் பின்னால். அப்பாவுக்கு ஒதுங்க யாரும் இல்லை.

"இஞ்சேருங்கோ, எங்க போறியள்?" என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"நான் ஒரு இடமும் போகேல்லை."

"பக்கத்து வீட்டு ரோசாச் செடிக்குள்ள நிக்கிறியள்!"

"பந்து இந்தப் பக்கமெல்லோ வருது! நீர் வந்து நில்லும் பாப்பம்."

"தள்ளுங்கோ."

அம்மா வலது கோடிக்குப் போனார். முதல் பந்து தோளில் பட்டது. அசையவில்லை. இரண்டாவதைச் சவளால் அடித்துத் திருப்பினார். அண்ணை குனிந்துகொண்டார். நாங்கள் நால்வரும் கோடு போட்டதுபோல நேராக முன்னேறி, அண்ணையைக் கராஜ் கதவோடு சேர்த்து மடக்கினோம்.

வியாழக்கிழமை பேராசிரியையின் அறையில் வாயைத் திறந்தபோது புத்தகத்தின் வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, அப்பா ரோசாச் செடிக்குள் போன கதையிலிருந்து தொடங்கினேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி போட்டார்: அப்படியென்றால் உன்னுடைய சிறந்த வீரனை எங்கே நிறுத்துவாய்?

"வலது கோடியில்."

"ஏன்?"

"மற்ற எல்லாருக்கும் வலப்பக்கத்தில் இன்னொருவரின் கேடயம் இருக்கிறது. அந்த ஆளுக்கு மட்டும் இல்லை. அந்த ஆள் நகர்ந்தால் முழு ஊரும் நகரும்."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வெற்றுத் தாள்களை எடுத்துத் தந்தார். வெளியே மேசை இருக்கிறது, ஒரு மணி நேரம் தருகிறேன், இருபது சொற்களும் என்றார்.

எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அகோராவுக்கு மட்டும் பத்து நிமிடம் போனது. கடைசியில், மீன் வாங்க வந்தவர்கள் நின்று சட்டத்தையும் சண்டையையும் பேசிவிட்டு மீனை மறந்து வீட்டுக்குப் போகும் சந்தை என்று எழுதினேன். பதினேழு சொற்கள் முடிந்தன. மற்ற மூன்றும் எனக்கு உண்மையில் விளங்கவில்லை. வரிகள் மட்டும் வரிசையாக ஞாபகம் வந்தன. அவற்றை எழுதாமல், 'இன்னும் விளங்கவில்லை' என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை அங்கேயே வாசித்தார், பழைய விடைத்தாளிலிருந்த பூச்சியத்தை வெட்டி, சித்தி என்று எழுதினார்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, பாஸ்."

"எத்தினை எழுதினனீ?"

"பதினேழு."

"ஓம், நல்லது." அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "மற்ற மூண்டும் என்னவாம்? புத்தகத்தைக் கொண்டு கெதியா வா. எல்லாருமா நிண்டு பாப்பம்."